கும்பகர்ணன் ஏன் தம்பியோடு போகவில்லை?

கரைமரம்:

செஞ்சோற்றுக் கடன் என்றதும் எல்லோருக்கும் கர்ணன்தான் நினைவுக்கு வருகிறான். இங்கேயே அவனைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசிவிட்டோம். அந்தச் சொல்லுக்கு அவனைவிடப் பொருத்தமானவன் கும்பகர்ணன் என்பது என் எண்ணம்.

கர்ணன் துரியோதனன் பக்கம் நின்றதற்கு ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். பிறப்பைச் சொல்லி எள்ளிய சபையில் ஒருவன் மட்டும் எழுந்து அங்க நாட்டைக் கொடுத்தான். பாண்டவர்மேல் அவனுக்கே ஒரு பகையும் இருந்தது. கும்பகர்ணனுக்கு இராமன்மேல் என்ன பகை? ஒன்றும் கிடையாது. அண்ணன் செய்தது பெரும் பிழை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததை அண்ணனின் முகத்துக்கு நேராகவும் சொன்னான். போனால் திரும்பமாட்டோம் என்பதும் தெரியும். கம்பராமாயணத்தில் ‘வென்று இவண் வருவென் என்று உரைக்கிலேன்’ என்று இராவணனிடமே சொல்லிவிட்டுத்தான் புறப்படுகிறான். விதி பிடரியைப் பிடித்துத் தள்ளுகிறது என்கிறான். நான் இறந்தால் அப்போதாவது சீதையை விட்டுவிடு, அதுதான் நல்லது என்று கெஞ்சுகிறான்.

பிறகு போர்க்களத்தில், முன்பே இராமனிடம் போய்ச் சேர்ந்துவிட்ட தம்பி வீடணன் எதிரே வந்து காலில் விழுகிறான். இராமன் எனக்குத் தந்த இலங்கையை உனக்குத் தருகிறேன், உன் ஏவலைச் செய்துகொண்டு நிற்கிறேன், வா என்கிறான். உயிர், அரசு, அறம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. கும்பகர்ணன் மறுத்துவிடுகிறான்.

ஏன் மறுத்தான்? கடமை என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடாமல் படித்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

நொச்சி:

அவனே பதில் சொல்லியிருக்கிறானே. அரசன் தீமையை நினைத்தால் திருத்தப் பார்க்க வேண்டும். திருந்தவில்லை என்றால் அவனுக்கு முன்னால் போய்ச் சாக வேண்டும். ‘ஒருத்தரின் முன்னம் சாதல், உண்டவர்க்கு உரியது அம்மா’. உண்டவர்க்கு உரியது. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

தீக்கொன்றை:

தெளிவாகத்தான் சொல்கிறான். சொன்னது சரியா என்பதல்லவா கேள்வி?

நொச்சி, வீடணனும் அதே அண்ணனின் சோற்றைத்தானே உண்டான்? அவனுக்கு அந்தக் கடன் இல்லையா? உண்ட வீட்டில் நடக்கும் தீமைக்குத் துணை நிற்பதுதான் நன்றி என்றால், உலகத்தில் எந்தக் கொடியவனுக்கும் ஆள்பலம் குறையாது. அவன் செய்ய வேண்டியதெல்லாம் நாலு பேருக்கு நன்றாகச் சோறு போடுவது மட்டும்தான்.

பாரதத்தில் போர் தொடங்கும் முன் தருமன் பீஷ்மரிடம் விடைபெறப் போகிறான். பொருளுக்கு மனிதன் அடிமை, கௌரவர் என்னைப் பொருளால் கட்டிவிட்டார்கள் என்கிறார் அவர். துரோணரும் கிருபரும் சல்லியனும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள். நான்கு பெரியவர்கள், ஒரே வாக்கியம். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கொதிக்கிறது. சபையில் ஒரு பெண்ணின் சேலையைப் பிடித்து இழுத்தபோது வாய் திறக்காமல் இருக்கவும் அந்தச் சோறுதானே காரணம்?

கும்பகர்ணன் விஷயத்திலும் எனக்கு முதலில் கண்ணில் படுகிறவள் அசோகவனத்தில் இருப்பவள்தான். அண்ணன் தம்பி பாசத்தை உருகி உருகிப் பேசுகிறோம். அந்தப் பாசத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்? சிறையில் இருக்கும் சீதை ஒவ்வொரு நாளாகக் கொடுக்கிறாள். அவன் கையில் நசுங்கிய வானரங்கள் கொடுக்கின்றன. அந்த வானரங்கள் இராவணன் வீட்டில் உண்டவர்கள்கூட இல்லை.

கரைமரம்:

தீக்கொன்றை அம்மா, சீதையை அவன் மறக்கவில்லை. கம்பரின் கும்பகர்ணன் வதைப் படலத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். ‘உறங்குகின்ற கும்பகன்ன’ என்று கூவிக் கூவி அவனை எழுப்புகிறார்கள். அண்ணன்முன் கொண்டுபோய் நிறுத்திப் போர்க்கோலம் பூட்டுகிறார்கள். இதெல்லாம் எதற்கு என்று அவன் கேட்டுத் தெரிந்துகொண்டதும், ‘ஆனதோ வெஞ்சமம்?’, கொடும்போர் மூண்டுவிட்டதா என்கிறான். அடுத்த மூச்சிலேயே, ‘அலகில் கற்புடைச் சானகி துயர் இனம் தவிர்ந்தது இல்லையோ?’ என்று கேட்கிறான். அவள் துயரம் இன்னுமா தீரவில்லை என்று. அரக்கர் அவையில் அவளுடைய துயரத்தைத் துயரம் என்ற சொல்லாலேயே சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்?

தீக்கொன்றை:

நல்ல இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே மந்திராலோசனையில் இதே கும்பகர்ணன் என்ன பேசினான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும், ஐயா. பேசுவது மானம், நடுவே பேணுவது காமம், கூசுவது மனிதருக்கு, நன்றாயிருக்கிறது நம் வெற்றி என்று அண்ணனைச் சாடுகிறான். அதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே மூச்சில், இனி இவளை விட்டுவிட்டால் நாம் எளியவர் ஆகிவிடுவோம், போரிட்டுச் செத்தால் அதுவும் நன்று, பழியில்லை என்கிறானே, அதை யாரும் காட்டுவதில்லை.

ஆக, தப்பு என்று தெரிந்தவன் தப்பைத் திருத்தச் சொல்லவில்லை. மானம் போய்விடும் என்று தொடரச் சொன்னான். வீடணன் அதே அவையில்தான் சீதையை அனுப்பிவிடு என்றான். பிளவு அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. போர்க்களத்தில் தம்பி கூப்பிட்டபோது அவன் போகாததில் எனக்கு வியப்பு இல்லை.

கரைமரம்:

இந்த ஒரு கருத்துக்காகவே இழையைத் தொடங்கியது பயனுள்ளதாகிவிட்டது. அந்த இரண்டு பேச்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததில்லை.

வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது. அவையில் விட்டால் எளியம் என்றவன், தூங்கி எழுந்ததும் விட்டுவிடு என்கிறான். நடுவில் மாறியிருக்கிறான். எது மாற்றியது என்று கம்பர் சொல்லவில்லை. தம்பி வீட்டை விட்டுப் போனதாக இருக்கலாம். முதல் நாள் போரில் அண்ணன் தோற்றதாக இருக்கலாம். மாறிய மனத்தோடு அவன் பேசும்போது இராவணன் என்ன சொல்கிறான்? இறைச்சியும் கள்ளும் கிடைத்தன அல்லவா, போய்க் கண்ணை மூடி இரவும் பகலும் உறங்கு என்கிறான். மனிதர் இருவரை வணங்கி, கூனுடைக் குரங்கையும் கும்பிட்டுப் பிழைப்பது உனக்கும் உன் தம்பிக்கும்தான் தகும் என்கிறான். தேரைக் கொண்டு வாருங்கள், நானே போகிறேன் என்று எழுகிறான்.

கும்பகர்ணன் அந்த நிமிடத்தில் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். அவனோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சூலத்தை எடுக்கிறான்.

ஏட்டுச்சுவடி:

வால்மீகியில் உள்ள ஒரு செய்தியை இங்கே சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன். தூக்க வரம் கேட்ட கதை உத்தர காண்டத்தில் ஒரு விதமாக இருக்கிறது. கலைமகள் நாவில் புகுந்து வாய் தவறச் செய்தாள் என்பது அந்தக் கதை. யுத்த காண்டத்தில் வீடணன் இராமனுக்குச் சொல்வது வேறு. கும்பகர்ணன் பிறந்ததும் உயிர்களை வாரி விழுங்கத் தொடங்குகிறான். முறையிட்டவர்களுக்காகப் பிரமன் அவனைப் பார்க்கிறான். பார்த்து நடுங்கி, இன்று முதல் பிணம்போல் கிட என்று சபிக்கிறான். அண்ணனின் காலடியிலேயே அவன் சாய்கிறான்.

அப்போது பிரமனிடம் வாதாடியவன் இராவணன். வளர்ந்த பொன்மரத்தைக் காய்க்கும் வேளையில் வெட்டுவார்களா, இவன் உன் கொள்ளுப்பேரன் அல்லவா, தூங்கட்டும், விழிக்கவும் ஒரு காலம் சொல் என்று கேட்கிறான். ஆறு மாதம் உறக்கம், ஒரு நாள் விழிப்பு என்பது அப்படிக் கிடைத்ததுதான்.

ஆகவே கடன் வெறும் சோற்றுக்கு மட்டும் உரியது அன்று. அவன் கண்விழித்த ஒவ்வொரு நாளும் அண்ணன் கேட்டு வாங்கிக் கொடுத்த நாள். கம்பனில் ‘நீர்க்கோல வாழ்வை நச்சி, நெடிது நாள் வளர்த்துப் பின்னைப் போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர் கொடாது அங்குப் போகேன்’ என்று, நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன் என்று அவன் சொல்லும்போது, ‘நெடிது நாள் வளர்த்து’ என்ற இடத்தில் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும். கம்பர் அதை நினைத்து எழுதினார் என்று சொல்லவில்லை. என் காதில் அப்படி விழுகிறது.

இன்னொரு வேறுபாடு. வால்மீகியின் கும்பகர்ணனும் அண்ணனைக் கண்டிக்கிறான். ஆனால் அண்ணன் சினந்ததும், கவலைப்படாதே, நான் ஒருவனே போய் இராமனை முடித்துவிட்டு வருகிறேன் என்று வீரம் பேசித் தேற்றுகிறான். வெல்வேன் என்று சொல்லமாட்டேன் என்கிற கும்பகர்ணன் கம்பர் நமக்குத் தந்தவன். இருபுறமும் இழுக்கப்படுகிற மனத்தை அவனுக்குள் வைத்தது கம்பர்தான்.

பாணன்:

விகர்ணனை யாரும் நினைக்கவில்லையே. சூதாட்டச் சபையில் திரௌபதிக்காகப் பேசிய ஒரே கௌரவன். பேசிவிட்டு அண்ணன்கள் பக்கமே நின்று பீமன் கையால் செத்தான். கொன்ற பீமனே அவனுக்காக வருந்தினான். இன்னொரு கௌரவனான யுயுத்சு மட்டும் அணிமாறித் தருமன் பக்கம் போய் உயிரோடு மிஞ்சினான். விகர்ணனுக்கும் யுயுத்சுவுக்கும் நடுவில் ஒரு களம் முழுவதும் கிடக்கிறது. கும்பகர்ணனும் வீடணனும் நிற்பது அதே இடத்தில்தான்.

வடிவு:

எல்லோரும் கும்பகர்ணன் சாவதைப் பற்றியே பேசுகிறீர்கள். அவன் வீடணனைப் பார்த்ததும் முதலில் என்ன நினைத்தான் என்று பாருங்கள். தம்பி தன்னை அழைக்க வந்திருக்கிறான் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை. திரும்பி இங்கே சாக வந்துவிட்டானோ என்று பதறுகிறான். நீ அபயம் பெற்றதைக் கேட்டு மகிழ்ந்திருந்தேனே, எமன் வாயில் இருக்கிற எங்களிடம் எதற்கு வந்தாய், ‘அமுது உண்பாய் நஞ்சு உண்பாயோ’ என்கிறான். தான் இருக்கும் பக்கத்துக்கு அவன் வைத்த பெயர் நஞ்சு! அதைத் தெரிந்துகொண்டே குடிக்கிறான். தம்பி மட்டும் குடித்துவிடக் கூடாது.

பிறகு கேட்கிறான்: நீயும் அங்கே போய்ப் பிழைக்காவிட்டால், அரக்கர் எல்லோரும் அம்பு மழையில் அழிந்த பிறகு, கையால் எள்ளும் நீரும் இறைத்துக் கடன் கழிக்க யார் இருக்கிறார்கள், காட்டு.

எங்கள் வீட்டில் சாவு விழுந்த ஒரு நாளில் ஐயர் எள்ளைக் கையில் கொடுத்துத் தண்ணீரை ஊற்றச் சொன்னார். விரல் இடுக்கில் எள் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கவே இல்லை. அன்றிலிருந்து இந்தப் பாட்டை என்னால் இலக்கியமாகப் படிக்க முடிவதில்லை. ஒரு குலமே அழியப் போகிறது, எள்ளைத் தொட ஒரு கையாவது மிஞ்சட்டும் என்று கணக்குப் போடுகிற ஒருவன் அங்கே நிற்கிறான்.

அவன் இரண்டு பக்கமும் இழுபட்டான் என்று சொல்வது எனக்குப் பொருந்தவில்லை. வீட்டில் இரண்டு வேலை இருந்தது. அண்ணனோடு சாக ஒருவன் வேண்டும், எல்லோருக்கும் நீர் இறைக்க ஒருவன் வேண்டும். முதல் வேலையைத் தான் எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் தம்பியிடம் கொடுத்துவிட்டான். ‘எம்மை நோக்கி இரங்கலை, என்றும் உள்ளாய்’ என்று அனுப்பிவைக்கிறான். எங்களுக்காக வருந்தாதே என்று சொல்கிறவன், தம்பியை அழைக்கும் சொல் ‘என்றும் உள்ளாய்’. என்றென்றும் இருக்கப் போகிறவனே என்று.

அப்புறம் போக விடவில்லை. மறுபடி எடுத்து மார்போடு இறுக அணைத்து, ‘நின்று நின்று, இரங்கி ஏங்கி’ நெடுநேரம் பார்த்து, ‘இன்றொடும் தவிர்ந்தது அன்றே, உடன்பிறப்பு’ என்றுதான் விடுகிறான். நின்று நின்று என்று இரண்டு முறை வருகிறது. அதற்குமேல் எழுத முடியவில்லை.

தீக்கொன்றை:

வடிவு அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சாவது மட்டுமே அவன் எடுத்துக்கொண்ட வேலை என்றால் களத்தில் சும்மா நின்று செத்திருக்கலாமே. அவன் அப்படிப் போரிடவில்லை. சுக்கிரீவனை மயங்க வைத்துத் தூக்கிக்கொண்டு இலங்கைக்கு நடக்கிறான். அவன் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தால் போரே திசை மாறியிருக்கும். சுக்கிரீவன் விழித்துக்கொண்டு மூக்கையும் காதையும் கடித்துக்கொண்டு தப்பியதால் பிழைத்தோம். மனச்சாட்சி ஒரு பக்கம், சூலம் இன்னொரு பக்கம். சூலத்துக்கு இருந்த வலிமை மனச்சாட்சிக்கு இல்லை.

கரைமரம்:

இதற்கு எனக்கு ஒரு பதில் இருக்கிறது. சல்லியனை நினைத்துப் பாருங்கள். பாண்டவருக்கு மாமன், நகுல சகதேவருக்குத் தாய்மாமன். படையோடு அவர்களிடம்தான் புறப்பட்டான். வழி நெடுக விருந்து மண்டபங்கள் கட்டி உபசரித்தது துரியோதனன் என்று தெரியாமல் உண்டு மகிழ்ந்து, வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டான். பிறகு தருமனிடம் போய், கர்ணனுக்குத் தேரோட்டும்போது பேசிப் பேசி அவன் ஊக்கத்தைக் கெடுக்கிறேன் என்று இன்னொரு வாக்குக் கொடுத்தான். உடம்பு ஒரு பக்கம், நாக்கு இன்னொரு பக்கம். இரண்டு வாக்கையும் காப்பாற்றினான் என்று வேண்டுமானால் சொல்லலாம். கர்ணன் அந்தத் தேரில் எப்படித் தனியாக நின்றான்!

கும்பகர்ணன் கையை மடக்கிக்கொண்டு நின்று செத்திருந்தால் அவனும் ஒரு சல்லியன் ஆகியிருப்பான். அண்ணன் தன்னை நம்பிப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியிருக்கிறான். அங்கே போய்ப் பாதி மனத்தோடு சூலத்தைச் சுழற்றுவது அவனுக்குத் தெரியாது. எதிர்த்துப் பேச வேண்டிய இடம் அண்ணனின் முன்னிலை. அங்கே முழுவதும் பேசினான். போரிட வேண்டிய இடம் களம். அங்கே முழுவதும் போரிட்டான். வீடணனிடம் பொய் சொல்லவில்லை, இராவணனிடமும் சொல்லவில்லை. இராமனிடமும் இல்லை.

ஏட்டுச்சுவடி:

இராமனிடம் என்றதும் அவன் கடைசியாகக் கேட்டவை நினைவுக்கு வருகின்றன. கையும் காலும் அறுபட்டுக் கிடக்கும்போது இரண்டு வேண்டுகோள் வைக்கிறான். மூக்கில்லாத முகம் என்று யாரும் பார்த்துவிடாதபடி என் கழுத்தை அறுத்துத் தலையைக் கடலுக்குள் போக்கிவிடு என்பது ஒன்று. அது எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு முன் கேட்டது தம்பிக்காக. இராவணன் இவனைக் கண்டால் தம்பி என்று இரங்கமாட்டான், கொன்றுவிடுவான்; உன் தம்பியையோ உன்னையோ அனுமனையோ ஒரு பொழுதும் என் தம்பி பிரியாமல் இருக்க அருள் என்கிறான். அண்ணனுக்காக உயிரை விட்டுக்கொண்டிருக்கும்போதே அண்ணனிடமிருந்து தம்பியைக் காப்பாற்றச் சொல்கிறான். அவன் சொன்னபடியே பின்னால் நடக்கிறது. இராவணன் வீடணனைக் குறிவைத்து வேலை எறிகிறான். குறுக்கே பாய்ந்து மார்பில் ஏற்கிறான் இலக்குவன். ‘உம்பியைத்தான்’ என்று கும்பகர்ணன் முதலில் சொன்ன அதே தம்பி.

தீக்கொன்றை:

ஐயா, அதே இடத்தில் இன்னொரு பாட்டும் இருக்கிறது. நீங்கள் விட்டுவிட்டீர்கள். தம்பியை இராமனிடம் ஒப்படைக்கும்போது கும்பகர்ணன் அவனைப் பற்றிச் சொல்வது: ‘நீதியால் வந்தது ஒரு நெடுந் தரும நெறி அல்லால், சாதியால் வந்த சிறு நெறி அறியான், என் தம்பி.’

நெடுந் தரும நெறி, சிறு நெறி. யார் எந்த நெறியில் போனார்கள் என்று அவனே பெயர் வைத்துவிட்டான். இனத்தோடு நிற்பது சிறு நெறி. அவன் நின்றது அதில். குருதி வடிந்துகொண்டிருக்கும்போது, எதிரியிடம், தம்பி சரி என்று ஒப்புக்கொள்கிறான். நான் இத்தனை நேரம் வாதாடியதை அவன் ஒரே அடியில் சொல்லியிருக்கிறான். இதைப் படித்த பிறகு அவன்மேல் எனக்கு இருந்த கோபம் இருந்த இடத்தில் இல்லை. அவன் செய்தது சரி என்று இப்போதும் சொல்லமாட்டேன். அவனும் சொல்லவில்லை.

நொச்சி:

‘உண்டவர்க்கு உரியது’ என்று ஒரு வரியை எழுதிவிட்டுப் போனேன். அந்த வரிக்கு இவ்வளவு பாரம் இருக்கிறது என்று தெரியாது. குறளில் ஒன்று நினைவுக்கு வந்தது. படைச்செருக்கில் 780ஆவது: ‘புரந்தார்கண் நீர்மல்கச் சாகிற்பின் சாக்காடு இரந்துகோள் தக்கது உடைத்து.’ காத்தவன் கண்ணில் நீர் பெருகும்படி சாக முடிந்தால் அந்தச் சாவை யாசித்தாவது பெறலாம். கும்பகர்ணன் விடைபெறும்போது இராவணன் அழுதான் அல்லவா?

கரைமரம்:

அழுதான். இதுவரை நான் செய்த குற்றம் ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள், இனி உன் முகத்தில் விழிப்பது இல்லை என்று கும்பகர்ணன் சொல்கிறான். ‘அவ்வழி இராவணன் அனைத்து நாட்டமும் செவ்வழி நீரொடும் குருதி தேக்கினான்.’ அனைத்து நாட்டமும் என்றால் இருபது கண்களும். சற்று முன் போய் உறங்கு என்று ஏசிய அதே முகங்களில். குறள் கேட்ட கண்ணீர் அவனுக்குப் பத்து மடங்கு கிடைத்தது.

தீக்கொன்றை:

இருபது கண்கள் அழுதன. பத்து வாய்களில் ஒன்றாவது ‘போகாதே’ என்று சொல்லியிருக்கலாம்.

கரைமரம்:

ஆமாம் அம்மா. அந்தப் பாட்டின் மிச்சத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் இரங்கி ஏங்கினார்கள் என்று வருகிறது. இராவணன் வாயிலிருந்து ஒரு சொல்லும் இல்லை. கடைசி அடி, ‘இவ்வழி, அவனும் போய் வாயில் எய்தினான்.’